நாய் இருக்கு, மாமாவைக் காணோம்

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா கல்யாண ஆல்பத்திலிருந்து கோம்பை மாமாவை நான் நீக்கவில்லை. எங்கள் சொந்தத்தில் இதை நம்புகிற ஆள் ஒருவர்கூடக் கிடையாது. சின்னமனூரிலிருந்து கூடலூர் வரைக்கும் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும், பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "தாய்மாமனையே தூக்குன பய நீதானப்பா?" என்று கேட்கிறார். கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல் சாம்பாரைக் கூப்பிடுகிறார். (பதில் யாருக்கும் வேண்டாம். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.)

உண்மையான குற்றவாளிகள் வேறு ஆட்கள். கம்ப்யூட்டரில் ஒரு படத்துக்கோ கடிதத்துக்கோ பெயர் வைக்கும்போது, சொற்களுக்கு நடுவே இடைவெளி விடலாம் என்று ஒரு கூட்டம் அறிவாளிகள் முடிவுசெய்தார்கள். அதே கம்ப்யூட்டரில் கட்டளைகளைத் தட்டச்சு செய்கிற கறுப்புத் திரை ஒன்று உண்டு. அங்கே இடைவெளி வந்தால் ஒரு பெயர் முடிந்து அடுத்த பெயர் தொடங்கிவிட்டது என்று அர்த்தம் என்று இன்னொரு கூட்டம் அறிவாளிகள் முடிவுசெய்தார்கள். இந்த இரண்டு கூட்டமும் ஒரு டீக்கடையில்கூட உட்கார்ந்து பேசிக்கொள்ளவில்லை. அவர்கள் பேசிக்கொள்ளாததற்கு என் மாமா எங்கள் வீட்டு வாசலை மிதிக்காமல் போனார். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

டிஜிட்டல் கேமரா எங்கள் பக்கம் வந்து சேர்ந்திருந்த புதிது. நான் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டுச் சின்னமனூரில் வீட்டோடு இருந்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். (அதாவது, மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.) பெங்களூரில் இருந்த கூட்டாளி ஒருவன் லினக்ஸ் சிடி ஒன்றைக் கொடுத்திருந்தான். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த இயங்குதளத்தைத் துடைத்துவிட்டு அதை ஏற்றினேன். அன்றிலிருந்து கறுப்புத் திரையில்தான் என் குடித்தனம். மௌஸைத் தொடுகிறவர்களை மனிதராகவே மதிக்காத காலம் அது.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை போடிக்காரர். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே அண்ணன், கோம்பையில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். எங்கள் வீட்டில் அவர் வெறும் மாமா கிடையாது. கோம்பை மாமா. அப்படித்தான் எல்லாரும் சொல்வோம். அவர் சீர் கொண்டுவந்த விதத்தை மண்டபத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முன்னால் மேளம், பின்னால் டிராக்டர் நிறையத் தாம்பாளங்கள், நடுவில் பட்டு வேட்டியில் மாமா, அவர் கையில் சங்கிலி, சங்கிலியின் மறுமுனையில் அவருடைய கோம்பை நாய் மணி. மணி இல்லாமல் மாமா கோயிலுக்குக்கூடப் போக மாட்டார். அக்காவுக்கு அவர்தான் மாலை போட்டார், அவர்தான் பட்டைக் கொடுத்தார், அவர்தான் கையைப் பிடித்து மணமேடைக்குக் கூட்டிப்போனார். தாய்மாமன் அந்த வேலையைச் செய்தால்தான் எங்கள் பக்கம் அது கல்யாணம்.

மண்டபத்தில் இன்னொன்றும் நடந்தது. பந்தி நடுவில் மாமா என்னைக் கூப்பிட்டு, "என்ன மருமகனே, வேலை ஏதும் அம்புட்டுச்சா, இல்ல இன்னும் பொட்டியத் தட்டிக்கிட்டுத்தான் இருக்கியா?" என்று கேட்டார். வாயில் சோற்றோடு வரிசையே சிரித்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு என் மேல் வழக்குப் போட்டவர்கள் இதைத்தான் முதல் ஆதாரமாகக் காட்டினார்கள்.

போட்டோ எடுத்தவர் தேனியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். முகூர்த்த மாதம் என்பதால் அவருடைய கம்ப்யூட்டர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"தம்பி, எல்லாப் படத்தையும் உங்க கம்ப்யூட்டர்ல ஏத்தி விட்டுர்றேன். ஆல்பத்துக்கு வேணுங்கறத மட்டும் பொறுக்கி, சிடில அடங்குற மாதிரி சுருக்கிக் குடுங்க. அடுத்த கல்யாணத்துக்கு எடம் வேணும். எங்கிட்ட இருக்கிறத அழிச்சிரவா?"

"தாராளமா அழிங்கண்ணே. நான்தான் இருக்கேன்ல."

நான் இருந்தேன். அதில் சந்தேகமே இல்லை.

மறுவீட்டுக்கு வந்திருந்த அக்காதான் படங்களைப் பொறுக்கினாள். அவள் தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஸ்டூடியோக்காரருக்கு நம் ஆட்களை அடையாளம் தெரியாது, யார் முக்கியம் என்று அவருக்குப் புரிய வேண்டும் என்று, முக்கியமான படங்களுக்கெல்லாம் பெயர் வைத்தாள். பக்கத்தில் அம்மா உட்கார்ந்துகொண்டு, "இந்தா பாரு, அண்ணன் மாலை போடுறாக. இங்கன பாரு, அண்ணன் கண்ணத் தொடைக்கிறாக" என்று சொல்லச் சொல்ல, அக்கா ஆங்கில எழுத்தில் 'கோம்பை மாமா மாலை', 'கோம்பை மாமா சீர்', 'கோம்பை மாமா அழுகை' என்று, மாமா முகம் தெரிந்த ஒரு படம் விடாமல் அடித்துக்கொண்டே போனாள். மௌஸால்தான் எல்லாம் செய்தாள். இடைவெளி விட்டால் விடட்டும் என்று, திரையில் மௌஸுக்கென்று திறக்கிற அந்த ஜன்னல் ஒரு வார்த்தை எதிர்ப்புச் சொல்லாமல் எல்லாப் பெயரையும் வாங்கி வைத்துக்கொண்டது.

மற்றவர்களுக்கும் பெயர் வைத்தாள். அம்மா, அப்பா, சித்தி, தம்பி (அது நான்), இடைவெளி இல்லாமல் ஒட்டினாற்போல ஒரு எண். எல்லாம் ஒற்றைச் சொல். எங்கள் வீட்டில் இரண்டு சொல்லில் கூப்பிடப்படுகிற மரியாதை ஒருவருக்குத்தான் உண்டு. பெயர் வைக்கத் தேவையில்லாத படங்கள், அதாவது வாழைமரம், சமையல்காரர், சாம்பார் வாளி, மணி, எல்லாம் கேமரா போட்ட எண்ணோடு அப்படியே கிடந்தன. "நாய்க்கெல்லாம் என்னத்தப் பேரு வைக்கிறது" என்று அக்கா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

படங்களை ஒவ்வொன்றாகச் சுருக்கிச் சிடிக்கு எடுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி. மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். புது மாப்பிள்ளை. போடியில் அவருக்கு ஏலக்காய் வியாபாரம். அவர் முன்னால் நான் மௌஸைப் பிடித்து ஒவ்வொரு படமாக இழுப்பதா?

"இதெல்லாம் ஒவ்வொண்ணா செய்யிற வேலையில்ல மச்சான். ஒரு ஸ்கிரிப்ட் எழுதுறேன். ஒரு தட்டுத் தட்டுனா அதுவே எல்லாத்தையும் பாத்துக்கிரும்."

எழுதினேன். சின்ன ஸ்கிரிப்ட்தான். படங்களின் பெயர்களை வரிசையாக எடு, ஒவ்வொன்றையும் சுருக்கு, சிடிக்கென்று கம்ப்யூட்டருக்குள் திறந்த புதுப் பெட்டியில் போடு, எல்லாம் முடிந்ததும் பழைய பெட்டியை அழி. கூடவே ஒரு நாசூக்கான வேலையும் செய்தேன். தப்பு ஏதாவது நடந்தால் கறுப்புத் திரை ஆங்கிலத்தில் புலம்பும். மாப்பிள்ளை பார்க்கிற இடத்தில் புலம்பினால் நன்றாகவா இருக்கும்? அதனால் புலம்பலை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு குப்பைக்குழிக்குத் திருப்பிவிட்டேன். (கம்ப்யூட்டரில் அப்படி ஒரு குழி இருக்கிறது. அதற்குள் விழுந்தது திரும்பாது.) அழிக்கும்போது "நிஜமாகவே அழிக்கட்டுமா?" என்று கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்றும் சொல்லி வைத்தேன்.

தட்டினேன். திரை ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

"அம்புட்டுத்தானா?" என்றார் மச்சான்.

"அம்புட்டுத்தான்."

"கில்லாடிதான் மாப்ள நீ." வாழ்க்கையில் நான் பெருமையாக உட்கார்ந்திருந்த ஒரு சில நிமிடங்களில் அதுவும் ஒன்று.

கொடுப்பதற்கு முன் ஒருதரம் பார்த்திருக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். பார்த்தேன். வாழைமரம் பிரமாதமாக வந்திருந்தது. அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள், தாலி கட்டுகிற படம் இருந்தது, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நான் நின்ற படங்கள் அத்தனையும் இருந்தன. அதற்கு மேல் ஒரு மனிதன் என்னத்தைப் பார்ப்பான்? சிடியை மச்சான் கையில் கொடுத்தேன். அவரே தேனிக்குப் போய் ஸ்டூடியோவில் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆல்பம் வந்த அன்றைக்கு மறுபடி ஒரு சின்னக் கல்யாணம்போலக் கூட்டம். சாப்பாடு முடிந்து, போடிக்காரர்களும் எங்கள் ஆட்களும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். முதலில் பார்க்க வேண்டியது தாய்மாமன் என்று அம்மா ஆல்பத்தைத் தூக்கி மாமாவின் மடியில் வைத்தார். மாமா கையைத் துடைத்துக்கொண்டு அட்டையைத் திறந்தார். ஒவ்வொரு பக்கத்தையும் நிதானமாகப் பார்த்தார். வாழைமரம் போனது, சித்தப்பா போனார், சாம்பார் வாளி போனது, நான் போனேன், மறுபடி நான் போனேன். மாமாவின் விரல் வேகமாகப் புரட்ட ஆரம்பித்தது. அம்மாவின் முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்ததை நான் பார்த்தேன்.

நடுப்பக்கம் வந்தது. ஆல்பத்தில் நடுப்பக்கம்தான் மரியாதையான இடம். இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படம் போடுவார்கள். ஸ்டூடியோக்காரர் பாவம், கையிலிருந்த படங்களில் எது துல்லியமாக இருந்ததோ அதைப் போட்டிருந்தார். பின்னால் சுருளி அருவி கொட்டுகிறது. சுற்றிலும் ரோஜாப்பூ. நடுவில், காதை விறைப்பாக நிமிர்த்திக்கொண்டு, மணி.

மாமா அந்தப் படத்தில் விரலை வைத்தார்.

"நாய் இருக்கு. நாய்ச் சங்கிலி இருக்கு. சங்கிலியப் பிடிச்ச கை இருக்கு. கையில என் மோதிரம் இருக்கு." தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "நான் எங்கப்பா?"

உள்ளே ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். சிடிப் பெட்டியில் மாமா இல்லை. பழைய பெட்டியே இல்லை. அழிக்கச் சொல்லியிருந்தேன், ஒரு கேள்வி கேட்காமல் அழித்திருந்தது. தேனிக்குப் போன் போட்டேன். ஸ்டூடியோக்காரர், "அன்னைக்கே அழிச்சாச்சே தம்பி, தாராளமா அழிக்கச் சொன்னீகளே" என்றார். நான் கூடத்துக்குத் திரும்பி வருவதற்குள் மாமா செருப்பை மாட்டியிருந்தார். அம்மா பின்னாலேயே போய், "அண்ணே, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகலாம்ல" என்றார். மாமா காதில் வாங்காத மாதிரி வண்டியைக் கிளப்பினார்.

அதற்குப் பிறகு என் மேல் நடந்த விசாரணையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "பந்தில வச்சு வேலை அம்புட்டுச்சான்னு கேட்டாகள்ல, அந்த வன்மம்" என்றார் ஒரு சித்தப்பா. "மாமனத் தூக்கிட்டு இவன் மட்டும் எத்தனை எடத்துல நிக்கிறான் பாரு" என்று சித்தி என் கூலிங் கிளாஸ் படங்களைப் பக்கம் பக்கமாகக் காட்டினார். ஐயா, நான் ஒற்றைச் சொல் என்பதால் பிழைத்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அக்காவிடம் சொன்னேன். "பேருக்கு நடுவுல எடம் விடச் சொல்லி உன்னிய யாரு கேட்டா?"

"எழுதுறதுன்னா எடம் விட்டுத்தானடா எழுதணும். ஒண்ணாப்புப் பிள்ளைக்கே அதத்தான் சொல்லிக் குடுக்கேன்."



பெங்களூர்க் கூட்டாளிக்குப் போன் செய்தேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேரச் சுத்தி மேற்கோள் குறி போடலையா?" என்றான், சட்டை போடாமலா தெருவுக்குப் போனாய் என்பதைப்போல. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று மேற்கோள் குறி போட்டிருந்தால், நடுவில் எத்தனை இடைவெளி இருந்தாலும் கறுப்புத் திரை அதை ஒரே பெயராகப் பார்த்திருக்குமாம். போதாததற்கு, நான் பெயர்களை வரிசையெடுத்த முறையே தப்பாம். இவ்வளவு பெரிய விஷயத்தைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் போட வேண்டாமா? அந்த இரண்டு கொசுக் கடிக்குப் பின்னால்தான் ஒரு தாய்மாமனின் மானம் இருக்கிறது என்று எவன் சொன்னான்?

நேரில் போய் விளக்கிவிடுவது என்று கோம்பைக்குப் பஸ் ஏறினேன். மாமா தோப்பில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மணி கட்டிலுக்கடியில் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அதுமட்டும் வாலை ஆட்டியது.

"மாமா, இது ஒரு கண்டக்டர் மாதிரி. போடி நாயக்கனூர்னு நீங்க எடம் விட்டுச் சொன்னா, போடிக்கு ஒரு டிக்கெட், நாயக்கனூருக்கு ஒரு டிக்கெட்டுன்னு கிழிக்கிற கண்டக்டர். கோம்பை மாமான்னு அக்கா பேரு வச்சா. கம்ப்யூட்டர் அத ரெண்டு ஆளா நினைச்சிருச்சு. கோம்பைன்னு ஒருத்தர், மாமான்னு ஒருத்தர். ரெண்டு பேரையும் தேடிப் பாத்துச்சு. காணோம். விட்டுருச்சு."

மாமா பொறுமையாகக் கேட்டார். இளநீர்கூட வெட்டிக் கொடுக்கச் சொன்னார். நான் குடித்து முடித்ததும் கேட்டார்:

"ஒரு ஆள ரெண்டு ஆளா நினைச்சிச்சு. சரி. ரெண்டு ஆள்ல ஒருத்தனையாச்சும் போட்டிருக்கலாம்ல?"

இத்தனை வருடத்தில் எந்தப் பொறியாளரிடமும் இதற்கு எனக்குப் பதில் கிடைத்ததில்லை.

ஸ்டூடியோக்காரரும் தன்னால் ஆனதைச் செய்தார். மாமாவைத் தனியாக ஒரு படம் எடுத்துவந்தால் மணமேடையில் ஒட்டித் தருவதாகச் சொல்லியனுப்பினார். அதை நான்தான் கோம்பைக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "நான் உசுரோட வந்து மாலை போட்டவன்டா. என்னிய எதுக்கு ஒட்டணும்?" என்று மாமா போனை வைத்துவிட்டார்.

பொங்கலுக்குக் கோம்பையிலிருந்து வாழைத்தாரும் கரும்பும் வந்தன. மாமா வரவில்லை. டிராக்டர்க்காரர் வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா அந்த வாழைத்தாரின் பக்கத்திலேயே உட்கார்ந்து, "வருசா வருசம் அண்ணன்தானடா தூக்கிட்டு வருவாக" என்று அழுதார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அன்றைக்கு எனக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி முல்லையாற்றில் போட்டுவிடலாம் என்றிருந்தது.

அடுத்து அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மொட்டை போட்டுக் காது குத்துவது மச்சான் வீட்டுக் குலசாமி கோயிலில், பொட்டிப்புரம் பக்கம் மலையடிவாரத்தில். கவனியுங்கள், இந்தக் குழந்தைக்குத் தாய்மாமன் நான். என் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். அக்கா தாம்பாளத்தோடு கோம்பைக்குப் போய் மாமா காலில் விழுந்து கூப்பிட்டாள். மாமா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம்: "வாரேன் தாயி. ஆனா போட்டோவுக்கு ஆள நான் கூட்டியாருவேன்."

எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். நான் சந்தோஷத்தில் குதித்தேன். அந்த வருடம்தான் வேலையும் கிடைத்திருந்தது. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை எடுத்தேன். முடியை வெட்டி, மீசையை ஒதுக்கி, முதல் நாளே கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். கோயிலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாலும் நன்றாக விழுகிற மாதிரி முகத்தை வைத்திருந்தேன். மாமா மணியைப் பிடித்துக்கொண்டு போட்டோக்காரரின் காதோரமாக நின்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். வெளிச்சத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஆல்பத்தை மாமாவே கொண்டுவந்தார். கல்யாண ஆல்பத்தை மூடிவிட்டுப் போனதற்குப் பிறகு அன்றைக்குத்தான் எங்கள் வாசல்படி ஏறினார். அதே கூடம், அதே சொந்தங்கள். "தாய்மாமன்தான மொதல்ல பாக்கணும்" என்று ஆல்பத்தை என் மடியில் வைத்தார்.

திறந்தேன். குழந்தை சிரிக்கிறது. குழந்தை அழுகிறது. ஆசாரி காது குத்துகிறார். குழந்தை உட்கார்ந்திருக்கிற மடி எல்லாப் படத்திலும் இருக்கிறது. அந்த மடிக்கு மேலே மார்பு இருக்கிறது, சட்டைப் பித்தான் இருக்கிறது. கழுத்தோடு படம் முடிந்துவிடுகிறது. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒரு படத்தில்கூட எனக்கு முகம் இல்லை. பாதிப் படங்களில் முழங்கால் மட்டும்தான். நடுப்பக்கத்தை விரித்தேன். சுருளி அருவி, ரோஜாப்பூ, மணி.

"மாமா," என்றேன், "நான் எங்க மாமா?"

"இந்தா, முழங்கால் இருக்குல்ல. நீ கட்டுன பட்டு வேட்டி இருக்கு. வேற என்னய்யா வேணும்? ஏதோ பேருக்கு நடுவுல எடம் விட்டுட்டானாம். கம்ப்யூட்டர் கழுத்தோட நின்னுக்கிருச்சு."

முதலில் சிரித்தது அம்மாதான். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் கூடமே சிரித்தது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏ ஆத்தா, பசிக்குது. எலையப் போடு" என்றார். அம்மா எழுந்து உள்ளே ஓடிய வேகத்தைப் பார்த்து நானும் பின்னாலேயே போய் இலைக்கட்டை எடுத்துவந்தேன். இருந்தாலும் சொல்கிறேன். நான் செய்தது தெரியாமல் நடந்தது. அவர் செய்தது ஆள் வைத்துச் செய்தது. இந்த வித்தியாசத்தை அன்றைக்குப் பந்தியில் எடுத்துச் சொன்னேன். "அப்பளம் போடுங்கப்பா" என்றார் மாமா.

அந்தக் குழந்தை இப்போது வளர்ந்துவிட்டாள். அவளுக்கு நான் மாமா கிடையாது, முழங்கால் மாமா. எங்கள் சொந்தத்தில் யார் வீட்டு விசேஷத்தில் போட்டோவுக்கு நின்றாலும், "நெருங்கி நில்லுங்கப்பா, நடுவுல எடம் விட்டா இவன் ஆளத் தூக்கிருவான்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் படம் எடுக்கப்படுவதில்லை.

என் வேலையில் நான் எழுதுகிற ஸ்கிரிப்டுகளில் ஒவ்வொரு பெயரைச் சுற்றியும் மேற்கோள் குறி இருக்கும். கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்கிற அளவுக்கு இருக்கும். வீட்டுப் படங்களை எல்லாம் பத்திரமாகப் பிரதி எடுத்து வைக்கவும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். போன மாதம் அக்கா மகள் அந்தக் காதுகுத்துப் படத்தை எனக்கு அனுப்பினாள். 'முழங்கால் மாமா' என்று பெயர் வைத்து, நடுவில் பெரிதாக ஓர் இடைவெளி விட்டு. என் ஸ்கிரிப்ட் ஓடியது. மேற்கோள் குறி தன் வேலையைச் சரியாகச் செய்தது. இரண்டு சொல்லையும் ஒரே ஆளாக மதித்து, என் முழங்காலை ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றி வைத்துவிட்டது.